முயல் முத்திரையா, வீகன் முத்திரையா, இரண்டுமா?

தோழி ஒருத்தி தன் ஒப்பனைப் பையை என் மேசைமேல் கவிழ்த்தாள். உதட்டுச்சாயம் ஒன்பது, மஸ்காரா இரண்டு, மூடி தொலைந்த லிப் பாம் ஒன்று, பாதி உடைந்த பவுடர், ஒரு கைப்பிடி பிரஷ்கள். "இனிமேல் விலங்குகளை வதைத்துச் செய்த எதுவும் எனக்கு வேண்டாம். எதையெல்லாம் தூக்கிப்போடட்டும்?" என்றாள்.

நான் இரண்டு உதட்டுச்சாயங்களை மட்டும் எடுத்து அருகருகே வைத்தேன். ஒன்றின் பெட்டியில் துள்ளும் முயல். அதன் பின்பக்கம் கடுகளவு எழுத்தில் 'சி.ஐ. 75470'. அது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. மற்றதன் பெட்டியில் 'வீகன்' என்று கொட்டை எழுத்து. முயலையும் காணோம், சோதனை பற்றி ஒரு வரியும் காணோம். "இந்த இரண்டில் உனக்கு ஆகாதது எது?" என்று கேட்டேன். அவளிடமிருந்து பதில் வர நேரமாயிற்று.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். 'குரூயல்டி ஃப்ரீ' என்பதும் 'வீகன்' என்பதும் ஒன்றுதான் என்று எண்ணி வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதில் தேன்மெழுகு இருப்பது தெரிந்ததும் ஏமாந்துவிட்டதாகக் கொதிக்கிறார்கள். பெட்டி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி வேறு. முதல் சொல் சோதனைக்கூடத்தைப் பற்றியது: இந்தப் பொருளை விலங்கின் கண்ணிலோ தோலிலோ வைத்துப் பார்த்தார்களா? இரண்டாம் சொல் பொருளைக் காய்ச்சும் கொப்பரையைப் பற்றியது: விலங்கிடமிருந்து வந்தது ஏதாவது இதற்குள் இருக்கிறதா? முன்னதை இங்கே 'வதையற்றது' என்று எழுதுகிறேன். பின்னதற்கு நனிசைவம் என்ற அழகான தமிழ்ச் சொல் உண்டு. ஆனாலும் பெட்டிகளில் கண்ணில் படுவது 'வீகன்' என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

தராசைத் தூக்குவதற்கு முன் எடைக்கற்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். என்னுடையவை ஐந்து.

உங்களை உண்மையில் உறுத்துவது எது என்பது முதல் கல். கூண்டில் கட்டுண்ட முயலா, சோப்பில் கலந்த மாட்டுக்கொழுப்பா? இரண்டும் உறுத்தலாம். ஆனால் ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக உறுத்தும், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். அடுத்தது சான்று: பெட்டியில் உள்ள வாக்கியத்தை யார் சொல்கிறார்கள், விற்பவரா, வெளியிலிருந்து சரிபார்த்தவரா? மூன்றாவது, பொருள் தன் வேலையைச் செய்கிறதா, உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது. நான்காவது செலவு. பணத்தோடு முடிவதில்லை இந்தச் செலவு; தேடும் நேரம், நிறம் ஒத்துவராமல் மூலையில் கிடக்கும் குப்பி, கெட்டுப்போய் வீசியது எல்லாம் கணக்கில் சேரும். ஐந்தாவதை யாரும் எழுதுவதில்லை: ஒரு வருடம் கழித்தும் இதைத் தொடர்வீர்களா?

## வழி 1: வதையற்றது மட்டும்

விலங்குச் சோதனை யாரோ கல்மனம் படைத்தவர் விளையாட்டாகத் தொடங்கியதல்ல. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்றது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண் புண்ணாகிப் பார்வையே போயிற்று. 1938-இல் அழகுசாதனங்கள் அங்கே சட்டத்துக்குள் வந்தன. 1944-இல் ஜான் டிரெய்ஸ் என்ற அரசு நச்சியல் அறிஞரும் உடன் பணியாற்றியவர்களும், பொருளை முயலின் கண்ணில் இட்டு, நாள்கணக்கில் கவனித்து, சிவப்புக்கும் வீக்கத்துக்கும் மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார்கள். பெட்டிகளில் முயல் துள்ளுவதற்குக் காரணம் அந்தச் சோதனைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அதே 1944-இன் நவம்பரில்தான் இங்கிலாந்தில் வீகன் சங்கம் தொடங்கியது. சோதனைக்கும் சொல்லுக்கும் ஒரே வயது.

1980-இல் ஹென்றி ஸ்பைரா என்ற விலங்குரிமைப் போராளி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அதன்பிறகு மாற்று முறைகளுக்குப் பணம் புரண்டது. இன்று ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவின்மேல் எரிச்சலைச் சோதிக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் முடிந்த பொருட்களின் சோதனையையும், 2009-இல் மூலப்பொருட்களின் சோதனையையும் தடை செய்தது. 2013 மார்ச்சில் விற்பனைக்கும் தடை முழுமையாயிற்று. இந்தியா 2014-இல் சோதனையையும், அப்படிச் சோதித்த பொருட்களின் இறக்குமதியையும் தடுத்தது.

அப்படியானால் முத்திரை எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தில் சந்துகள் உள்ளன. ஐரோப்பாவிலேயே வேதிப்பொருட்களுக்கென்று 'ரீச்' என்ற தனிச்சட்டம் இருக்கிறது. அது தொழிற்சாலையில் அந்தப் பொருளைக் கையாளும் தொழிலாளியின் பாதுகாப்பைப் பார்ப்பது. சன்ஸ்கிரீனில் சேரும் இரண்டு புறஊதாக்கதிர் வடிகட்டிகளுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் விலங்குச் சோதனை கேட்கப்பட்டது. தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் சோதனை கேட்கலாம் என்றே தீர்ப்பளித்தது. சீனாவில் 2021 மே மாதத்திலிருந்து ஷாம்பூ, உதட்டுச்சாயம் போன்ற பொதுவகை இறக்குமதிகளுக்கு, உரிய உற்பத்திச் சான்றிதழ் இருந்தால் விலங்குச் சோதனை தேவையில்லை. தலைச்சாயம், சன்ஸ்கிரீன், நிறம் வெளுக்கும் களிம்பு போன்ற 'சிறப்பு' வகைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே 'சீனாவில் விற்கிறார்களா?' என்ற பழைய ஒற்றைக் கேள்வி இப்போது போதாது, 'எதை விற்கிறார்கள்?' என்றும் கேட்க வேண்டும்.

பெட்டியில் உள்ள வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள். "இந்தப் பொருள் விலங்குகள்மீது சோதிக்கப்படவில்லை" என்றால் உள்ளே சேர்ந்த மூலப்பொருளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. "சட்டம் கோரும் இடங்களைத் தவிர நாங்கள் சோதிப்பதில்லை" என்றால், எங்கேயோ சட்டம் கோருகிறது, யாரோ சோதிக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்காவில் 'குரூயல்டி ஃப்ரீ' என்ற சொல்லுக்குச் சட்டப்படி வரையறையே இல்லை. முயல் படத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். நீள்காது வரைவது பெரிய கலையல்ல.

முத்திரைகளிலும் தரம் உண்டு. 'லீப்பிங் பன்னி' திட்டத்தை 1996-இல் விலங்குநல அமைப்புகள் எட்டு கூடித் தொடங்கின. நிறுவனம் ஒரு தேதியைக் குறிக்க வேண்டும்; அந்தத் தேதிக்குப் பின் தானும் சோதிக்கக் கூடாது, தனக்கு மூலப்பொருள் தருபவர்களும் சோதிக்கக் கூடாது; வெளித்தணிக்கைக்கு உட்பட வேண்டும்; உறுதிமொழியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 'பீட்டா' அமைப்பின் பட்டியல் நிறுவனம் எழுத்தில் தரும் உறுதியை அடிப்படையாகக் கொண்டது. இரண்டுமே ஒன்றுமில்லாததைவிட மேல்தான். ஆனால் என்னைக் கேட்டால் முதலாவதற்குக் கூடுதல் எடை வைப்பேன். தேதி குறிப்பது ஏன் என்றால், இன்று நாம் பூசிக்கொள்ளும் மூலப்பொருட்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு விலங்கின்மீது சோதிக்கப்பட்டவையே. அந்தப் பழைய கணக்கை யாராலும் கழுவ முடியாது. இன்றிலிருந்து நிறுத்தத்தான் முடியும்.

தாய் நிறுவனச் சிக்கல் தனி. 2021-இல் கார்னியர் 'லீப்பிங் பன்னி' ஒப்புதல் பெற்றது. அதன் உரிமையாளரான லோரியால் குழுமம் முழுவதுக்கும் அந்த ஒப்புதல் இல்லை. இதில் வாங்குவதா வேண்டாமா? 'நல்ல பிள்ளையிடம் வாங்கினால் தாய்க்குப் பாடம் போகும்' என்று ஒரு சாரார். 'பணம் கடைசியில் ஒரே பெட்டிக்குத்தானே போகிறது' என்று மறு சாரார். நான் முதல் கட்சி. பெரிய குழுமம் எந்த அலமாரி காலியாகிறது என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கும். இதை ஏற்காதவர்களுடன் சண்டைக்குப் போக மாட்டேன்.

செலவைப் பார்த்தால் மூன்று வழிகளில் இதுதான் இலகு. எல்லா விலைத் தட்டிலும் பொருள் கிடைக்கிறது. பழைய தேன்மெழுகும் கம்பளிக் கொழுப்பும் அப்படியே இருப்பதால் பூசினால் பழகிய உணர்வே. மறைந்திருக்கும் செலவு நேரம்தான்: நிறுவனம் கைமாறினால் நிலைமை மாறலாம், எனவே வருடத்துக்கு ஒருமுறை முத்திரைப் பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

## வழி 2: வீகன் மட்டும்

இங்கே கையில் பூதக்கண்ணாடி வேண்டும். சிவப்பு உதட்டுச்சாயத்தைத் திருப்புங்கள். மூலப்பொருள் பட்டியலின் கடைசியில், கூட்டல் கழித்தல் குறிக்குப் பின், சாயங்களின் எண்கள் வரிசையாக வரும். 75470 என்றால் கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கோச்சினீல் பூச்சியை உலர்த்தி, அரைத்து எடுப்பது. ஒரு கிலோ சாயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் ஆகும். 75170 என்றால் குவானின்: மீன் செதிலிலிருந்து வரும் முத்துப் பளபளப்பு, நகப்பூச்சிலும் கண்சாயத்திலும் இருக்கும். 'செரா ஆல்பா' தேன்மெழுகு. 'லானோலின்' ஆட்டுக் கம்பளியின் கொழுப்பு. 'ஷெல்லாக்' பூச்சி சுரக்கும் அரக்கு. சோப்பில் 'சோடியம் டாலோவேட்' என்று பார்த்தால் அது மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ. சாப்பாட்டில் முட்டைகூடத் தொடாத பலர் தினமும் காலையில் இதைத்தான் முகத்தில் தேய்க்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இவை எளிதில் பிடிபடும் பெயர்கள். பிடிபடாதவையும் உண்டு. கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், ஸ்குவாலேன் ஆகியவை தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம்; பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஸ்குவாலேன் ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் கிடைக்கிறது, சுறாவின் ஈரலிலிருந்தும் கிடைக்கிறது. எவ்வளவு கூர்மையாகப் படித்தாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், இல்லையேல் முத்திரையை நம்ப வேண்டும்.

'இயற்கை', 'மூலிகை' போன்ற சொற்கள் இதற்கு உதவாது. தேன், தேன்மெழுகு, கம்பளிக் கொழுப்பு, நத்தைச் சளி எல்லாம் சுத்தமான இயற்கைப் பொருட்களே. மறுபுறம் கார்மைன் இல்லாத சிவப்பு பெரும்பாலும் பெட்ரோலிய வழிவந்த செயற்கைச் சாயம். வீகன் என்றால் செடி என்று நினைத்து வாங்கினால் அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும்.

பொருளின் தன்மையும் மாறுகிறது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், கையில் எடுத்தால் வளைந்து கொடுக்கும். அதற்குப் பதிலாகப் போடும் கார்னோபா என்ற தாவர மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். கண்டெலில்லா என்ற இன்னொரு தாவர மெழுகு இரண்டுக்கும் நடுவில். இவை கடினமானவை, நொறுங்கும் குணம் உள்ளவை. அதனால் மெழுகைக் குறைத்து எண்ணெயைக் கூட்ட வேண்டியிருக்கிறது. நல்ல தயாரிப்பாளர் இதைச் சரியாகக் கட்டிவிடுவார். அவசரக்காரர் கையில் உதட்டுச்சாயம் ஒன்று குச்சியாகும், இல்லையென்றால் குழம்பாகும். நான் ஆசையாக வாங்கிய லிப் பாம் ஒன்று வெயிலில் உருகி, மெல்ல ஆறி, அடுத்த வாரம் மணல்மணலாக உதட்டில் உரசியது. அதில் இருந்த ஷியா கொழுப்பு மெதுவாகக் குளிரும்போது அப்படித் துகள் கட்டும், கெட்டுப்போனதாகப் பொருளில்லை. மறுபடி உருக்கி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், சரியாயிற்று. தெரியாதவர்கள் தூக்கி எறிந்திருப்பார்கள்.

கண்சாயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்க விதிகளின்படி கண்ணருகே பூச அனுமதி உள்ள செயற்கைச் சிவப்புகள் மிகக் குறைவு. கார்மைனுக்கு அனுமதி உண்டு. அதனால் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும் கொண்ட வீகன் தட்டுகள் சிலவற்றின் பின்னால், 'இந்த நிறங்கள் கண்ணருகே பயன்படுத்துவதற்கு அல்ல' என்று சின்ன எழுத்தில் இருக்கும். பார்க்க அது கண்சாயத் தட்டு, விளம்பரத்தில் பூசியிருப்பது கண்ணில், பொறுப்பு மட்டும் உங்கள் தலையில். எனக்கு எரிச்சலூட்டும் வியாபாரத் தந்திரங்களில் இதற்கே முதலிடம்.

தோல் பக்கம் பார்த்தால் வீகனுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர் சங்கம் 2023-இன் 'ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்' என்று லானோலினைத்தான் அறிவித்தது. கார்மைனும் சிலருக்கு ஒவ்வாது. உணவிலும் அழகுசாதனத்திலும் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று 2011 முதல் அமெரிக்காவில் விதி. ஆனால் இவற்றை நீக்கிவிட்டு, வாசனைக்காகச் செடி எண்ணெய்களை அள்ளிக் கொட்டியிருந்தால் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதைதான். எந்த முத்திரையும் மென்மைக்குச் சான்று அல்ல.

இந்த வழியின் பெரிய ஓட்டை வெளிப்படை: மூலப்பொருள் முழுக்கச் செடியாக இருந்தும் சோதனை விலங்கின்மீது நடந்திருக்கலாம். நிறுவனம் தானே அச்சடித்துக்கொண்ட 'வீகன்' என்ற சொல் அதைப் பற்றிப் பேசாது. இங்கிலாந்தின் வீகன் சங்கம் 1990 முதல் வழங்கும் சூரியகாந்திப் பூ முத்திரை அப்படியல்ல. அது மூலப்பொருளோடு, அந்தப் பொருளுக்காக விலங்குச் சோதனை நடக்கவில்லை என்பதையும் கேட்கிறது. 'வீகன்' என்ற மூன்றெழுத்துக்கும் அந்தப் பூவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான். அப்படியிருக்க, மூன்றெழுத்தை மட்டும் நம்பி நிற்பது எனக்குப் புரியாத வழி. சமய நம்பிக்கையோ சைவப் பழக்கமோ காரணமாக விலங்குப்பொருள் உடலில் படக்கூடாது என்று இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

## வழி 3: இரண்டும் சேர்ந்தது

முயலும் பூவும் ஒரே பெட்டியில் இருந்தால் மனம் நிம்மதி. கேள்வி கேட்க வேண்டியதில்லை, பூதக்கண்ணாடியும் வேண்டாம். முத்திரை வாங்கக் கட்டணமும் வேலையும் ஆகும் என்பதால் சின்னஞ்சிறு தயாரிப்பாளர்கள் சிலர் இரண்டு தகுதியும் இருந்தும் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப்பாருங்கள். பதிலில் தேதியும் மூலப்பொருள் தருபவர் பற்றிய பேச்சும் இருந்தால் நல்லது. 'நாங்கள் விலங்குகளை நேசிக்கிறோம்' என்று மட்டும் வந்தால் அது பதில் அல்ல.

இதன் குறை தேர்வு சுருங்குவது. முகநிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன் தேடுபவர்களுக்கு, அதிலும் கருநிறத்தவர்களுக்கு, இந்த வலியின் அளவு தெரியும்: நிறம் ஒத்துவந்தால் முத்திரை இல்லை, முத்திரை இருந்தால் நிறம் சாம்பல் பூத்துப்போகிறது. மூன்று குப்பி வாங்கி ஒன்றைப் பயன்படுத்தினால், அந்த ஒன்றின் உண்மையான விலை மூன்று மடங்கு.

கடைசி எல்லைவரை போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முயலின் கண்ணுக்கு மாற்றாக ஏற்கப்பட்ட முறைகளுள் ஒன்று, இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கண்ணின் விழிவெண்படலத்தைப் பயன்படுத்துகிறது. செயற்கைச் சிவப்பு பெட்ரோலியத்திலிருந்து வருகிறது; பளபளக்கும் மைக்கா கனிமம் வீகன்தான், ஆனால் அதைத் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது வெளிவந்த செய்தி. முழுத்தூய்மை என்று ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

| அளவுகோல் | வதையற்றது மட்டும் | வீகன் மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| விலங்குச் சோதனை | தவிர்க்கிறது | பூ முத்திரை இல்லாவிட்டால் உறுதியில்லை | தவிர்க்கிறது |
| விலங்கு மூலப்பொருள் | இருக்கலாம் | இல்லை | இல்லை |
| சான்று பார்ப்பது | எளிது, தணிக்கை உள்ள முயல் முத்திரை போதும் | கடினம், ஒரே பெயரில் இரு மூலம் | முத்திரை இரண்டும் இருந்தால் மிக எளிது |
| பூசும் உணர்வு | பழகியதே | மெழுகும் நிறமும் மாறலாம் | மாறலாம் |
| மறைந்த செலவு | ஆண்டுதோறும் சரிபார்க்கும் நேரம் | பட்டியல் படிப்பது, கடிதம் எழுதுவது | ஒத்துவராமல் வீணாகும் குப்பிகள் |
| யாருக்கு | சோதனையே உறுத்துபவருக்கு | உடலில் படுவதே உறுத்துபவருக்கு | தேடப் பொறுமை உள்ளவருக்கு |

## ஒரேயடியாகவா, தீரத் தீரவா?

எந்த வழி என்பதைவிட எந்த வேகம் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரே நாளில் பையைக் காலி செய்தால் மனத்துக்கு நிறைவாக இருக்கும். கொடுத்த பணம் போனது போனதுதான், அந்த முயலும் திரும்பி வரப்போவதில்லை. இதைவிடப் பெரிய தொல்லை தோலில் வரும். எட்டுப் பொருளை ஒரே வாரத்தில் மாற்றி, கன்னத்தில் தடிப்பு வந்தால், குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாக மாற்றினால் தெரியும். புதியதை முன்கையின் உட்புறம் ஒரே இடத்தில் தினம் இருமுறை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப்பாருங்கள். அமைதியாக இருந்தால் முகத்துக்குப் போகலாம்.

தீரத் தீர மாற்றுபவர்களுக்குப் பொருளே வரிசை சொல்லிவிடும். மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருப்பது எப்படியும் கண்ணுக்கு நல்லதல்ல; ஆகவே அது முதலில். சோப்பு, ஷாம்பூ, லிப் பாம் எல்லாம் தாமாகவே வேகமாகத் தீரும். உதட்டுச்சாயம் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும், பவுடர் இன்னும் நிற்கும். குப்பியின் அடியில் திறந்த டப்பா படமும் அதற்குள் மாதக் கணக்கும் இருக்கும். அதுதான் உங்கள் கால அட்டவணை. பிரிக்காத பொருளை யாருக்காவது கொடுத்துவிடலாம். வாயிலோ கண்ணிலோ பட்டதைக் கொடுக்காதீர்கள்.

ஒரேயடியாக மாற்றுவது சரியாகும் இடமும் உண்டு. கொழுப்புச் சோப்பைத் தொடவே முடியவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டவரிடம் 'தீரும்வரை தேய்' என்று சொல்ல மாட்டேன். பையில் இருப்பதே மூன்று பொருள் என்றாலும் தயங்க வேண்டியதில்லை.

மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மருந்துக்கு விதிகள் வேறு. முத்திரை தேடி அதை நிறுத்தினால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமே. சன்ஸ்கிரீனிலும் கொஞ்சம் தளர்வு காட்டுவேன். அதைப் பற்றிய சட்டச் சிக்கலை மேலே பார்த்தோம். மனத்துக்கு ஒத்த முத்திரையோடு கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லையென்று வெறும் முகத்தோடு வெயிலில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

## என் கட்சி

கேட்டால் இப்படிச் சொல்வேன்: அடித்தளமாக வதையற்றதை வைத்துக்கொள்ளுங்கள், தணிக்கை உள்ள முத்திரையோடு. சோதனை என்பது ஒரு நிறுவனத்தின் கொள்கை. ஒரு முறை தெரிந்துகொண்டால் அதன் எல்லாப் பொருளுக்கும் விடை கிடைத்துவிடும். மூலப்பொருளோ ஒவ்வொரு குப்பிக்கும் வேறு. ஆகவே வீகன் கவனத்தை எல்லாவற்றிலும் சிதறடிக்காமல், விலங்குப்பொருள் உண்மையிலேயே அதிகம் புழங்கும் ஐந்தாறு இடங்களில் குவியுங்கள்: சிவப்பு உதட்டுச்சாயம், லிப் பாம், மஸ்காரா, சோப்பு, முத்துப் பளபளப்புள்ள நகப்பூச்சு, பிரஷ். இவை முடிந்தால் முக்கால் தூரம் கடந்தாயிற்று. மீதியை நேரம் இருக்கும்போது பார்க்கலாம்.

பிரஷ் ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. அணில், ஆடு, மிங்க் முடியில் செய்தவற்றைவிடச் செயற்கை இழை கிரீம் பூச்சுக்கு நன்றாகவே உழைக்கிறது, பூச்சை உறிஞ்சிக்கொள்வதில்லை, கழுவினால் சீக்கிரம் உலர்கிறது. முடியா இழையா என்று சந்தேகம் வந்தால் ஒற்றை இழையைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, மெழுகுவத்தி நெருப்பில் காட்டுங்கள். விலங்கு முடி சுருண்டு பொசுங்கும், தலைமுடி கருகிய வாடை வரும், விரலில் தேய்த்தால் பொடியாகும். செயற்கை இழை உருகி நுனியில் கெட்டியான சின்ன மணியாகிவிடும்.

தோழியின் பையிலிருந்து அன்று குப்பைக்குப் போனவை மஸ்காரா இரண்டும், மூடியில்லாத லிப் பாமும் மட்டும். முயல் இல்லாத வீகன் உதட்டுச்சாயத்தின் தயாரிப்பாளருக்கு அவளே ஒரு கடிதம் எழுதினாள். பிறகு பிரஷ்களுக்கு வந்தோம். அவற்றில் ஒன்று அசல் ஆட்டுமுடி என்று சொல்லி விற்கப்பட்டது. அவள் வைத்திருந்தவற்றிலேயே விலை கூடியது அதுதான். அதைப் போடுவதா வைப்பதா என்று அவளுக்குப் பெரிய மனக்கஷ்டம். மெழுகுவத்தியைக் கொளுத்தி ஓர் இழையைக் காட்டினோம். பொசுங்கவில்லை, வாடையும் இல்லை. நுனியில் கறுப்பாக, குண்டூசித் தலையளவுக்கு ஒரு மணி. அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏமாற்றித்தான் விற்றிருக்கிறார்கள்" என்றாள். சிரித்துக்கொண்டே அந்தப் பிரஷை முதலில் எடுத்துப் பைக்குள் வைத்தாள்.